இணையதளத்துக்கும் இருப்பு எடுக்க வேண்டும்

கடையைப் பூட்டியதும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகும் வியாபாரி கிடையாது. காலையில் வந்தால் ஷட்டர், பூட்டு, கல்லா மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறோம். ஆனால் இராப்பகலாகத் திறந்தே கிடக்கும் இன்னொரு கடை இப்போது நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த இணையதளம் நேற்று நாம் வைத்தபடியே இன்றும் இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறோமா? நாங்களும் பார்க்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

எங்கள் பருப்பு மண்டிக்கு 2019-இல் இணையதளம் அமைத்தோம். அன்றாட விலைப்பட்டியல், ஆர்டர் எழுத ஒரு படிவம், முன்பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண், இவ்வளவுதான் அதில். 2023 தீபாவளிக்குச் சில நாள் முன்னால், இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். “அண்ணாச்சி, பணம் போட்டு மூணு நாளாச்சு, லோடு இன்னும் ஏறலையே?” என்றார். கணக்கைப் பார்த்தோம், பணம் வரவில்லை. எந்த எண்ணுக்குப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, எங்கள் இணையதளத்தில் உள்ளதைப் பார்த்து வரிசையாகப் படித்தார். படித்த எண் எங்களுடையது இல்லை. பக்கத்தைத் திறந்தோம். எங்கள் பெயர், எங்கள் முத்திரை, எங்கள் விலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. கணக்கு எண்ணும் வங்கிக் கிளைக் குறியீடும் மட்டும் வேறு யாருடையதோ.

ரூ.1,86,000 போயிற்று. உடனே 1930 எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தோம். மூன்று நாள் கடந்துவிட்டதால் ரூ.22,000 மட்டுமே அந்தக் கணக்கில் முடக்க முடிந்தது. அதுவும் கைக்கு வரப் பல மாதம் ஆயிற்று. மீதியை யார் ஏற்பது என்று எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வாரம் பேச்சு நடந்தது. பாதிப் பாதி என்று ஒரு யோசனை. முடிவில், அவர் எங்கள் போர்டைப் பார்த்துத்தான் பணம் போட்டார், போர்டில் இருந்த தப்பு எங்கள் தப்பு என்று முழுச் சரக்கையும் ஏற்றி அனுப்பினோம். மற்ற வாடிக்கையாளர்கள் எங்கள் எண்ணைத் தங்கள் வங்கியில் முன்பே பதிந்து வைத்திருந்ததால் தப்பினார்கள். இவர் அந்த மாதம்தான் வங்கி மாற்றினார், அதனால் எண்ணைப் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. (அப்போது நெஃப்ட்டில் பணம் பெறுபவர் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதி கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் அதை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெயரைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்று உங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வையுங்கள்.)

விசாரித்ததில் தெரிந்தது என்ன? ஒரு இரவு இரண்டு மணிக்கு, ஒரே ஒரு கோப்பில் இரண்டு வரிகளை மாற்றியிருக்கிறார்கள். 2019-இல் தளம் அமைத்தபோது போட்ட பாஸ்வேர்டை நாங்கள் மாற்றவே இல்லை. அது எத்தனை கை மாறியதோ தெரியாது. மாற்றிய நாளிலிருந்து நாங்கள் கண்டுபிடித்த நாள் வரை ஒன்பது நாள். திருடன் உள்ளே வந்து போக ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எங்களை முழுகடித்தது அந்த ஒன்பது நாள்தான்.

எங்களைப் போன்ற மண்டிக்காரர்கள்தான் இப்படி அசட்டையாக இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனிக்கு 2018-இல் நடந்ததை இத்தொழில் தெரிந்தவர்கள் இன்றைக்கும் பாடமாகச் சொல்கிறார்கள். நாமும் அதைச் சற்று விவரமாகப் பார்ப்பது நல்லது.

அந்தக் கம்பெனிக்குச் சரக்கு கையாளும் பணி செய்து கொடுத்த வெளி நிறுவனம் ஒன்றின் ஊழியருக்கு, தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த அனுமதியின் பெயரும் பாஸ்வேர்டும் கயவர்கள் கைக்குப் போயின. 2018 ஜூன் 22 அன்று அதைக் கொண்டு உள்ளே புகுந்தார்கள். மெல்ல மெல்ல ஒவ்வொரு கதவாகத் திறந்து, கடைசியில் இணையதளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ‘மாடர்னைசர்’ என்ற ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் என்னென்ன வசதி உண்டு என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. 2012 டிசம்பரில் வைத்த கோப்பு அது. ஐந்தரை வருடத்துக்கு மேலாக யாரும் தொடவில்லை.

2018 ஆகஸ்ட் 21 அன்று அந்தக் கோப்பின் அடியில் 22 வரிகளைச் சேர்த்தார்கள். பயணி தன் கார்டு எண், பெயர், விலாசம் எல்லாம் எழுதிப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும், அவற்றின் நகல் ஒன்று ‘பிஏவேஸ்.காம்’ என்ற வேறு முகவரிக்குப் போகும். பெயரைப் பார்த்தால் கம்பெனியின் முகவரி போலவே தோன்றும்படி பதிவு செய்திருந்தார்கள். டிக்கெட்டும் ஒழுங்காகக் கிடைத்தது, பணமும் கம்பெனிக்கு ஒழுங்காகப் போயிற்று. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செல்போன் செயலியும் இணையதளத்தின் அதே பக்கத்தைக் காட்டியதால் அதில் வாங்கியவர்களும் அகப்பட்டார்கள். செப்டம்பர் 5 வரை பதினைந்து நாள் இது நடந்தது. அன்றைக்கும் கம்பெனி தானாகக் கண்டுபிடிக்கவில்லை, வெளியார் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கணக்கெடுத்தபோது வாடிக்கையாளர், ஊழியர் எல்லாமாக 4,29,612 பேருடைய விவரம் போயிருக்கலாம் என்று தெரிந்தது. 2020 அக்டோபரில் 2 கோடி பவுண்ட் அபராதம் விதித்தார்கள்.

நம் பாடத்துக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். ஐந்தரை வருடம் அசையாமல் இருந்த கோப்பு ஓர் இரவில் மாறுகிறது. அது மாறிவிட்டது என்று மறுநாள் காலையில் ஒரு மணி அடித்திருந்தால் பதினைந்து நாள் ஒரே நாளாகச் சுருங்கியிருக்கும். அந்த மணியை அடிப்பதற்கான ஏற்பாட்டைத்தான் கோப்புக் கண்காணிப்பு என்கிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம் என்ற மாணவரும் ஜீன் ஸ்பாஃபோர்ட் என்ற பேராசிரியரும் 1992-இலேயே ‘ட்ரிப்வயர்’ என்ற மென்பொருளை எழுதி வெளியிட்டார்கள். வழியில் தரையோடு கட்டி வைக்கும் கம்பி, கால் பட்டால் மணி அடிக்கும் என்பதே பெயரின் பொருள். அதன் பிறகு வந்த எத்தனையோ கருவிகளுக்கு அடிப்படை அதுதான்.

வேலை செய்யும் விதம் நம் இருப்பு எடுப்பு போன்றதே. குடோனில் ஒரு நாள் எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைக்கிறோம். அடுத்த முறை எண்ணும்போது அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறோம். கூடினாலும் குறைந்தாலும் ஏன் என்று கேட்கிறோம். அதேபோல் இணையதளம் சுத்தமாக இருக்கும் நாளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளம் எடுத்துப் பட்டியல் போட வேண்டும். பிறகு தினமும், முடிந்தால் மணிக்கு ஒரு முறை, மறுபடியும் அடையாளம் எடுத்து ஒப்பிட வேண்டும்.

என்ன அடையாளம்? தேதியும் அளவும் போதாதா என்று கேட்கலாம். போதாது. தேதியைத் திருத்துவது கம்ப்யூட்டரில் ஒரு வரிக் கட்டளை. அளவும் ஏமாற்றும். மூட்டையில் இரண்டு கிலோ துவரம்பருப்பை எடுத்துவிட்டு இரண்டு கிலோ கல்லைப் போட்டால் தராசு என்ன சொல்லும்? எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு எண்ணை எடுத்து அதே இலக்கம் உள்ள வேறு எண்ணைப் போட்டால் கோப்பின் அளவு ஓர் எழுத்துக்கூட மாறாது. எடை சரியாக இருந்தாலும் குத்தூசி போட்டுப் பார்க்கிறோமே, அதுபோல உள்ளே இருப்பதைப் பார்க்கும் முறை வேண்டும்.

அதற்குத்தான் ‘ஹாஷ்’ என்ற கணக்கு. கோப்பில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் இக்கணக்கில் போட்டுப் புரட்டி எடுத்தால் கடைசியில் ஒரு நீளமான குறியீடு கிடைக்கும். ஷா-256 என்ற முறையில் அது 64 எழுத்து வரும். கோப்பு ஒரு வரியாக இருந்தாலும் ஆயிரம் பக்கமாக இருந்தாலும் 64-தான். உள்ளே ஒரு கமாவை மாற்றினாலும் குறியீடு அடியோடு வேறாகிவிடும். ஒரே குறியீடு வரும்படி வேறு கோப்பு செய்ய இன்றுவரை யாராலும் முடியவில்லை. எம்.டி.5 என்ற பழைய முறையில் 2004-லும், ஷா-1 என்ற முறையில் 2017-லும், இரண்டு வெவ்வேறு கோப்புக்கு ஒரே குறியீடு வரும்படி ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். ஆகவே உங்கள் தளம் அமைப்பவர் எம்.டி.5 போதும் என்று சொன்னால், ஷா-256 போடு தம்பி என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் கூடாது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘செர்ட்யூட்டில்’ என்ற கட்டளையே இக்குறியீட்டை எடுத்துத் தரும். லினக்ஸில் ‘ஷா256சம்’.

எந்தெந்தக் கோப்புகளைப் பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று ஆரம்பத்தில் நாங்களும் ஆசைப்பட்டோம். முதல் வாரமே நானூறு எச்சரிக்கை வந்தது. தளம் தானாகவே எழுதிக்கொள்ளும் தற்காலிகக் கோப்புகள், வந்து போனவர் பதிவேடு எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அவற்றையும் சேர்த்துக் கண்காணித்தால் மணி ஓயாமல் அடிக்கும். ஓயாமல் அடிக்கும் மணியை யாரும் காதில் வாங்குவதில்லை, எங்கள் பையனும் வாங்கவில்லை. மாறவே கூடாத கோப்புகள் எவை என்று உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், அவற்றில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், கியூ.ஆர். படம் இவை கட்டாயம். கியூ.ஆர். படத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இரவோடிரவாகப் பல கடைகளின் கியூ.ஆர். அட்டைகள் மேல் வேறு அட்டை ஒட்டிவிட்டுப் போனார்களே, அதே வேலையை இணையதளத்தில் ஒரு படத்தை மாற்றிச் செய்துவிடலாம். அடுத்து, தளத்தின் அமைப்புக் கோப்பு. வேர்ட்பிரஸ் தளமானால் ‘டபிள்யு.பி.-கான்ஃபிக்’ என்று பெயர், தரவுத்தளத்தின் சாவியே அதற்குள் இருக்கிறது. பிறகு ‘எச்.டி. அக்சஸ்’ என்ற கோப்பு. வருபவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்ற விதி அதில் இருக்கும். இதில் ஒரு தந்திரம் உண்டு. கூகுளில் தேடி, செல்போன் வழியாக வருகிறவரை மட்டும் வேறு தளத்துக்குத் திருப்பிவிடும்படி எழுதி வைத்துவிடுவார்கள். கடை முதலாளி தன் கம்ப்யூட்டரில் முகவரியைத் தட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். “எனக்கு நல்லாத்தானே வருது” என்று வாடிக்கையாளரிடம் சண்டை போட்ட வியாபாரிகளை நமக்குத் தெரியும்.

மாறிய கோப்பை மட்டும் தேடினால் போதாது, புதிதாக முளைத்த கோப்பையும் காணாமல் போன கோப்பையும் கருவி சொல்ல வேண்டும். சரக்குப் படங்கள் போட்டு வைக்கும் அறையில் திடீரென்று ஒரு ‘பி.எச்.பி.’ நிரல் கோப்பு இருந்தால், பருப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒருவன் படுத்திருப்பதற்குச் சமம். படம் வைக்கும் இடத்தில் நிரலுக்கு என்ன வேலை? பெரும்பாலும் அது திருடன் மறுபடி வருவதற்காக விட்டுப்போன பின்வாசல்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதன் மூலக் கோப்புகள் ஒவ்வொரு பதிப்புக்கும் எப்படி இருக்க வேண்டும் என்ற குறியீட்டுப் பட்டியலை அவர்களே வெளியிடுகிறார்கள். ‘வெரிஃபை செக்சம்ஸ்’ என்ற கட்டளை உங்கள் கோப்புகளை அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துவிடும். வேர்ட்ஃபென்ஸ் போன்ற காவல் மென்பொருளும் இதைச் செய்கிறது. ஆனால் நீங்களாகவே எழுதிச் சேர்த்த பக்கங்களுக்கு அந்தப் பட்டியல் உதவாது. அவற்றுக்கு உங்கள் சொந்தப் பட்டியல்தான் வேண்டும். தனிச் சர்வர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு ‘எய்ட்’, ‘ஓசெக்’ என்று விலையில்லாத கருவிகள் உண்டு.

இப்போது பலர் செய்யும் பிழையைச் சொல்ல வேண்டும். அடையாளப் பட்டியலை இணையதளம் இருக்கும் அதே சர்வரில் வைத்துவிடுகிறார்கள். குடோனுக்குள் புகுந்தவன் கையில் இருப்புப் புத்தகத்தையும் கொடுத்த மாதிரிதான். கோப்பை மாற்றிவிட்டுப் பட்டியலையும் புதிதாக எழுதிவிட்டுப் போவான். பட்டியல் கடையில் உள்ள வேறு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், ஒப்பிடும் வேலையும் அங்கிருந்தே நடக்க வேண்டும். நாங்கள் முக்கியமான பன்னிரண்டு கோப்புகளின் குறியீட்டை அச்சடித்து, பங்கு ஒப்பந்தப் பத்திரத்தோடு இரும்புப் பெட்டியிலும் வைத்திருக்கிறோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இன்னொன்று, முதல் பட்டியல் எடுக்கும் நாளில் தளம் சுத்தமாக இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே கெட்டுப் போன தளத்தில் எடுத்த பட்டியல், கலப்படச் சரக்கையே மாதிரியாக எடுத்து வைத்ததாகிவிடும். சந்தேகம் இருந்தால் மூலக் கோப்புகளைப் புதிதாக நிறுவிவிட்டுப் பட்டியல் எடுங்கள்.

கருவி செய்வதெல்லாம், மாறியிருக்கிறது என்று சொல்வது மட்டுமே. மாற்றியது நம் ஆளா, திருடனா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நமக்கு நன்றாகப் பழகிய முறை ஒன்றுதான் இருக்கிறது. வவுச்சர் இல்லாமல் கல்லாவிலிருந்து ரூபாய் எடுக்க விடுகிறோமா? இணையதளத்தில் கை வைப்பதற்கும் ஒரு சிட்டை போடுங்கள். தேதி, நேரம், எந்தக் கோப்பு, என்ன மாற்றம், செய்தது யார், சொன்னது யார். எங்கள் கணக்கப்பிள்ளை காலையில் பேங்க் கணக்கைச் சரிபார்க்கும்போதே கண்காணிப்பு அறிக்கையையும் இந்தச் சிட்டையையும் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கிறார். சிட்டையில் இல்லாத மாற்றம் அறிக்கையில் இருந்தால் உடனே எங்களுக்குப் போன் வரும். விலை மாற்றும் பையன் முதலில் முணுமுணுத்தான். இப்போது பழகிவிட்டது.

எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். தளம் அமைத்துக் கொடுத்தவருக்கு மட்டும் போனால் பிரயோஜனம் இல்லை. அவர் ஐம்பது கடைக்கு வேலை பார்ப்பவர். முதலாளி, கணக்கப்பிள்ளை இருவருக்கும் வர வேண்டும்.

சரி, ஒரு நாள் சிட்டையில் இல்லாத மாற்றம் வந்துவிட்டது, என்ன செய்வது? பதற்றத்தில் அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள், அது சாட்சி. மாறிய கோப்பையும் சர்வரின் வருகைப் பதிவேட்டையும் நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். தளத்தை மூடி ‘பராமரிப்பில் உள்ளது’ என்று போர்டு போடுங்கள். ஒரு நாள் வியாபாரம் போனால் பரவாயில்லை. சர்வர், கோப்பேற்றும் கணக்கு, நிர்வாகி, தரவுத்தளம் ஆகிய எல்லாப் பாஸ்வேர்டுகளையும், வைரஸ் இல்லாத வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். பிறகு, சுத்தமான காலத்தில் எடுத்த நகலிலிருந்து கோப்புகளைத் திரும்ப வையுங்கள். எந்த வழியாக வந்தான் என்று தெரியாமல் தளத்தைத் திறந்தால் மறு வாரம் மறுபடியும் வருவான். வாடிக்கையாளர் பணமோ கார்டு விவரமோ போயிருக்கலாம் என்று தோன்றினால் அன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால் கடைக்குப் பெயர் போய்விடும்.

சட்டமும் இதில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் புகுந்து தகவலை மாற்றுவது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு நமக்கும் கடமை வைக்கிறது. இணையதளத்தில் புகுந்து செய்த அனுமதியற்ற மாற்றங்களை, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வருகைப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பல வாடகைச் சர்வர்களில் பதிவேடு சில நாளிலேயே அழிந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். எங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. யார் எங்கிருந்து வந்தான் என்று பார்க்கப் போனால் அந்த இரவின் பதிவு இல்லை. இன்றே கேட்டு 180 நாளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கார்டு மூலம் பணம் வாங்குபவர்களுக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற உலகத் தர விதியிலும் 4.0 பதிப்பு முதல் இது வந்துவிட்டது. பணம் செலுத்தும் பக்கத்தைத் தாமே நடத்துகிறவர்கள், அதில் அனுமதியற்ற மாற்றம் நேர்ந்தால் எச்சரிக்கும் ஏற்பாட்டை 2025 மார்ச் 31-க்குப் பிறகு கட்டாயம் வைத்திருக்க வேண்டும். குறைந்தது வாரம் ஒரு முறை, அல்லது ஆபத்தை அளந்து தாங்களே வகுத்த இடைவெளியில், அது சரிபார்க்க வேண்டும். பணம் வாங்கும் வேலையை முழுதும் கேட்வே கம்பெனியிடம் விட்டிருப்பவர்கள் தங்களுக்கு என்ன பொறுப்பு மிஞ்சுகிறது என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் ஆள் வசதி இல்லாத சிறு கடைக்காரர்கள் ஒரு காரியமாவது செய்யலாம். தினமும் காலையில், கடை வைஃபையில் இல்லாமல் செல்போனின் சொந்த இணைப்பில், கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடி, அதன் வழியாகத் தளத்துக்குள் போங்கள். கணக்கு எண்ணைப் பெட்டியடியில் ஒட்டிய தாளோடு ஒத்துப் பாருங்கள். கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகும். கோப்புக்குள் ஒளிந்த ஜாவாஸ்கிரிப்ட் திருட்டு இதில் தெரியாது. ஆனால் எங்களுக்கு நடந்தது முதல் நாளே தெரிந்திருக்கும்.

கோப்புக் கண்காணிப்புக்கு எட்டாத இடமும் உண்டு. சரக்கு விலை, கணக்கு எண் முதலியவற்றைக் கோப்பில் எழுதாமல் தரவுத்தளத்தில் வைத்திருக்கும் தளங்களில், கோப்பு எதுவும் மாறாமலே பக்கம் மாறிவிடும். வேறு கம்பெனியின் தளத்திலிருந்து நேராக வந்து ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நம் சர்வரிலேயே இல்லாததால் அதையும் இந்தப் பட்டியல் பிடிக்காது. உங்கள் தளம் இவற்றில் எந்த வகை என்பதைத் தளம் அமைத்தவரிடம் கேட்டு இந்த மாதமே குறித்து வையுங்கள். தரவுத்தளத்தைச் சரிபார்க்கும் முறையை அடுத்த இதழில் எழுதுகிறோம்.